ஜுரத்தில் எடுத்த முடி

திருப்பதியில் நான் முதலில் கற்றுக்கொண்ட தெலுங்கு வாக்கியம் "மாதி சித்தூரு." எங்கள் ஊர் சித்தூர் என்று பொருள். அது உண்மையல்ல. நான் பிறந்து வளர்ந்தது மலேயாவில், பேராக் பகுதியில் ஒரு ரப்பர் தோட்டத்தில். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. "ஏ ஊரு?" என்று கேட்பார்கள். "மலேயா" என்பேன். "அதெக்கட?" என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டுவேன். பிறகு என்ன ஜாதி, என்ன சாப்பாடு, அப்பாவுக்கு என்ன வேலை, ஜப்பான்காரன் என்ன செய்தான் என்று கேள்விகள் நீளும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்ததும் "இங்கே அறை இல்லை" என்பார்கள். சித்தூர் என்று சொன்னால் அந்தப் பதில் சீக்கிரம் கிடைத்தது.

போர் முடிந்து, பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பல்கள் மறுபடியும் ஆள் ஏற்றத் தொடங்கிய சமயம் அது. மாகாணம் இன்னும் வெள்ளைக்காரர் கையில்தான் இருந்தது. நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் சாவை எழுதி வைப்பதும் நைனாதான். அவருடைய தகப்பனார் புத்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்; ஏறுவதற்கு முன்பு சித்தூர் மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தச் சபையை நைனா கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் "நம்ம சபை" என்றுதான் சொல்வார். மகன் டாக்டராக வேண்டும், அதற்கு முதலில் இண்டர்மீடியட் தேற வேண்டும், அதை நம்ம ஜனங்கள் நடுவில் இருந்து படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. திருப்பதியில் புதிதாகக் கல்லூரி வந்திருப்பதாக யாரோ எழுதியிருந்தார்கள். அனுப்பிவிட்டார்.

மற்றவர்களுக்குத் திருப்பதி ஒரு கோயில் ஊர். எனக்கு அது மாநகரம். தோட்டத்தில் காலையிலிருந்து மாலைவரை கண்ணில் படும் முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். இங்கே ஒரு ரயில் வந்து நின்றால் எங்கள் தோட்டத்து ஜனத்தொகை முழுவதும் இறங்கி நடந்தது. அடுத்த ரயிலில் வேறொரு தோட்டம் இறங்கியது. மறுநாள் ஒருவரையும் காணோம். எல்லோரும் போவதற்காக வந்தவர்கள். தங்குவதற்கு வந்தவனை அந்த ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் செய்த பிழைகள் சிறியவை. குழாயடிக்குக் கைலி கட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் எல்லோரும் வீட்டில் கட்டுவது. இங்கே அது முஸ்லிம்கள் கட்டும் உடை என்றார்கள். தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் விலகிக்கொண்டு "சாயபு, அவதல" என்றார்கள். அந்தப் பக்கம் போய் நின்றேன். ஓட்டலில் "கோப்பி" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் சமையற்கட்டைப் பார்த்து, "கோப்பியாம்பா, நம்ம கிட்ட இருக்குதா அந்தச் சரக்கு?" என்று தமிழில் கத்தினார். உள்ளிருந்து சிரிப்பு வந்தது. காபி வரவில்லை.

சத்திரங்கள் நிறைய இருந்தன. அவை மலைக்கு வருகிறவர்களுக்கு. தனி அறை கொடுப்பவர்கள் மதத்தைக் கேட்டார்கள். கிறிஸ்தவன் என்றால் மாமிசம் தின்பாயா என்று கேட்டார்கள். ஒரு வீட்டுக்கார அம்மாள் மட்டும் வருத்தத்தோடு பேசினார். "நீ நல்ல பையனாத்தான் தெரியற. ஆனா நாங்க ஊட்ட வெச்சிக்கினு இருக்கறது பெருமாள் காலடியில, தம்பி."

மிஞ்சியது மிஷன் மாணவர் விடுதி. ஓட்டுக் கட்டடம், ஒரே கூடத்தில் வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள். கட்டடம் திருப்பதியில் இருந்தாலும் அதிகாரம் சித்தூர் சபையின் கமிட்டியிடம். கமிட்டி என் தாத்தாவின் பெயரைப் பழைய பதிவில் தேடிப் பார்த்து எனக்கு ஒரு கட்டில் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் அரிசி ரேஷனில்தான் கிடைத்தது; விடுதிக்கு ரேஷன் இருந்தது, எனக்கு இல்லை. ஆகவே கட்டில் என்பது படுக்க இடம் மட்டுமல்ல. சோறும் அதுவே, கல்லூரியும் அதுவே. அந்தக் கட்டில் போனால் நான் கப்பலேற வேண்டியதுதான்.

விடுதியின் வார்டன் மிஷன் பள்ளியில் டிரில் வாத்தியார். சட்டங்கள் சில வைத்திருந்தார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறக்கூடாது. கோயில் பிரசாதம் கையில் வாங்கக்கூடாது. மலைக்குப் போகக்கூடாது. மலையைப் பார்த்த ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார். கூடத்தில் புழுக்கம் தாங்காது. முதல் நாள் நான் ஒரு ஜன்னலைத் திறக்கப் போனபோது பக்கத்துக் கட்டில்காரன், புத்தூர்ப் பையன், படுத்தபடியே சொன்னான்: "டேய் மலேயா, தொறக்காத. காத்து வராது. பெருமாளு வந்துடுவாரு."

அன்றிலிருந்து எனக்கு மலேயா என்றே பெயர். அதற்குமேல் யாரும் என்னைத் தெரிந்துகொள்ள முயலவில்லை. மாதம் ஒருமுறை விடுதி மாணவர்களைச் சித்தூருக்கு அழைத்துப்போய் சபையில் பாட வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பையன்களை ஒவ்வொரு வீட்டார் சாப்பிடக் கூட்டிப்போவார்கள். என்னை அழைத்துப் போனவர் இல்லை. பகை ஒன்றும் கிடையாது. அவனை வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நான் சித்தூர் பஸ் நிற்கும் இடத்தில் கடலை வாங்கித் தின்றுவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பேன். ஏப்பம் விட்டுக்கொண்டு வருவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு விடுதியைப் பூட்டுவது வழக்கம். "எல்லாரும் ஊருக்குப் போங்க. சமையக்காரனுக்கும் ஊரு இருக்குது" என்றார் வார்டன். என் ஊருக்குக் கப்பலில் போக வேண்டும் என்றேன். "அது தெரியுது. பக்கத்துல போறது?" என்றார். புத்தூர்ப் பையனைப் பார்த்தேன். அவன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "எங்க ஊட்ல கல்யாணம் ஆன அக்கா புள்ளைங்களோட வந்துகிது. ஜாகா இல்லடா" என்றான்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் நைனாவின் பங்காளி வழி ஒருவர் பயிர் செய்துகொண்டிருந்தார். என் தாத்தா மதம் மாறினார்; அவருடைய அண்ணன் மாறவில்லை. அந்த அண்ணனின் மகன் இவர். எனக்குப் பெரியப்பா முறை. ஒரு தபால் போட்டேன். "வா" என்று பதில் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்த சில நாட்களில் ஜுரம் கண்டது. வரும்போதே இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஈரத்துணி. வைக்கோல் வாசனை. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டது. புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் ஜட்காவில் வந்தார், டைபாயிடு என்றார். "தலைய எடுத்துடுங்க. சூடு எறங்கட்டும்" என்று அவர் சொன்னது தெளிவாக நினைவிருக்கிறது. ஊர் நாவிதர் என்னை உட்கார வைக்காமல் படுக்க வைத்தே சிரைத்தார். எனக்கு அதில் அதிசயம் எதுவும் தோன்றவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நைனா எத்தனையோ தலைகளை அப்படி எடுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஜுர வார்டில் மொட்டைத் தலைகள் வரிசையாகக் கிடக்கும். ஏன் என்று கேட்பவர் இல்லை.

பிழைத்து எழுந்தபோது கல்லூரி திறந்து நாளாகியிருந்தது. புறப்படும்போது பெரியம்மா என் தலையைத் தடவி, "எழுந்து நடக்கறியே, அது போதும்டா எங்களுக்கு" என்றார். சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தனியாக அர்த்தம் காண ஒன்றுமில்லாத கும்பிடு அது. அந்த வீட்டில் தினமும் நடப்பது.

புத்தூரில் ரயிலேறினேன். பெட்டியில் மலைக்குப் போகிற தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தது. என் தலையைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். "போய்ட்டு வந்துட்டீங்களா? மறுபடியும் போறீங்களா?" என்று கேட்டார் குடும்பத் தலைவர். பதில் சொல்லும் தெம்பு எனக்கில்லை. தலையை அசைத்தேன். "பாக்கியம்" என்றார். அவர் மனைவி புளிச்சோற்றை இலையில் வைத்துக் கொடுத்தார். வழியெல்லாம் மலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். படிகள், குளிர், மேலே கொடுக்கும் வடையின் அளவு, வர முடியாதவர்கள் முடியை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தனுப்புவது. ஒரு பாட்டம் முழுதாகக் கேட்டேன். திருப்பதியில் இறங்கியதும் ஜட்காக்காரர் "ரண்டி சாமி, கூச்சோண்டி" என்று வரவேற்று உட்காரச் சொன்னார். அதே ஜட்கா நிறுத்தம்தான்; முன்பு அங்கே யாரும் என்னைச் சாமி என்றதில்லை. ஓட்டலில் கேட்காமலேயே தண்ணீர் வந்தது. ஏ ஊரு என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்த ஊரில் யாரும் விசாரிக்காத ஆள் மொட்டை போட்டவன் ஒருவன்தான் என்பதை அன்று கவனித்தேன். அத்தனை மரியாதையும் விடுதி வாசல்வரை நீடித்தது.

வார்டன் வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னாடா இது?"

"ஜுரம் சார். டைபாயிடு."

"எந்த ஊர்ல ஜுரத்துக்கு மொட்ட அடிக்கறாங்க?"

"எங்க ஊர்ல அடிப்பாங்க சார்."

"இது உங்க ஊரு இல்ல" என்றார். அது சரியான தகவல். பிறகு உள்ளே போய் என் டிரங்குப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் வைத்தார். "சித்தூருக்குப் போ. கமிட்டியப் பாரு. அவங்க சொன்னா வா." கதவுக்குப் பின்னால் பையன்கள் கூடிவிட்டார்கள். "குண்டு! மலேயா குண்டு போட்டுக்கினு வந்துகிறான்!" என்று ஒரு குரல் கேட்டது. குண்டு என்றால் தெலுங்கில் மொட்டை. புத்தூர்ப் பையனின் குரல் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

கரியில் ஓடுகிற பஸ் அப்போதும் இருந்தது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஜுரத்தில் எழுந்த கால்கள். சித்தூர் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கமிட்டி சபையின் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட அறையில் கூடியது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை உயர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர்கள் மூன்று பேர். போதகர், அவரை ஐயர் என்றே அழைப்பார்கள். சித்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூப்பர். மாந்தோப்பு வைத்திருந்த இன்னொரு மூப்பர். அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

குமாஸ்தா மூப்பர் ஆரம்பித்தார். "ஸ்தோத்திரம் தம்பி. தலையில கட்டியிருக்கறத எடு."

துண்டை எடுத்தேன்.

"எப்ப போட்ட?"

"நான் போடலிங்க. ஜுரத்துல எடுத்தாங்க."

"எங்க?"

"புத்தூருக்குப் பக்கத்துல. பெரியப்பா ஊட்ல. புத்தூர் டாக்டர் எடுக்கச் சொன்னாரு."

மாந்தோப்பு மூப்பர் சிரித்தார். "புத்தூர்ல கை ஒடஞ்சா கட்டுவாங்க, காலு ஒடஞ்சா கட்டுவாங்க. தலைய மொட்ட அடிக்கறாங்கன்னு இப்பத்தான் கேக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் கொஞ்சம் சிரித்தார்.

"பெரியப்பா எந்தச் சபை?"

"சபை இல்லீங்க. அவங்க இந்துங்க."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க இருந்த?"

"அங்கதாங்க. ஜுரத்துல."

"சபை ஜனம் இத்தினி பேரு இருக்க, கிறிஸ்துமஸுக்கு அங்க போயி உக்காந்துகினியா?"

யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அறையில் அதைச் சொன்னால் குற்றச்சாட்டாகக் கேட்கும் என்று பட்டது. சும்மா இருந்தேன். அது ஒப்புதலாகக் கேட்டது.

"அவங்க மலைக்குப் போறவங்களா?"

"போவாங்க."

"உனுக்கு ஜுரம் வந்தப்போ வேண்டிக்கினாங்களா?"

"தெரியாதுங்க. எனக்கு நெனவில்ல."

"சரி, அத வுடு. எடுத்த முடிய இன்னா பண்ணாங்க?"

அவர் கோர்ட்டில் வீணாக இருக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஊர் நாவிதர் அள்ளிக்கொண்டு போனாரா, குப்பையில் போட்டார்களா, பெரியம்மா எடுத்து வைத்தாரா, எனக்குத் தெரியாது. பின்னால் அவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் கிடையாது.

"தெரியாதுங்க."

"தெரியாது" என்று மற்றவர்களைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். பிறகு வேறு பக்கத்திலிருந்து வந்தார். "ஜப்பான்காரன் உங்க ஊர்ல இருந்தப்போ அவங்க ராஜாவக் கும்பிடச் சொன்னானாமே?"

"பள்ளிக்கூடத்துல கெழக்கப் பாத்துக் குனியச் சொன்னாங்க."

"குனிஞ்சியா?"

"குனிஞ்சோம். குனியலன்னா அடிப்பாங்க."

"பாத்தீங்களா ஐயரே?" என்றார் அவர். விசாரணை முடிந்தது.

ஐயர் என்னை வெளியே அழைத்துப் போனார். கோயிலுக்குப் பின்புறம் வேலியோரமாக நடந்தோம். நல்ல மனிதர். என் தோளில் கை போட்டிருந்தார்.

"நான் உன்னை நம்பறேன் தம்பி. டைபாயிடு வந்தவங்களைப் பார்த்தவன் நான். உன் கண்ணே சொல்லுது."

"அப்ப அவங்க கிட்டச் சொல்லுங்க ஐயா."

"சொன்னா ஐயரு எடம் குடுக்கறாருன்னு பேசுவாங்க. இந்த ஊர்ல ஞானஸ்நானம் வாங்கிட்டு மறைவா மலைக்குப் போயி வர்றவங்க இருக்காங்க. அது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் தலையில தொப்பி போட்டுகினு கோயிலுக்கு வருவாங்க. ஜுரம்னுவாங்க. பேனுன்னுவாங்க. எல்லாரும் ஜுரம்தான் சொல்றாங்க தம்பி."

"எனக்கு வந்தது ஜுரம்தாங்க ஐயா."

"தெரியுது. ஆனா சபைக்கு நம்பறதுக்கு ஒரு முறை இல்ல. மன்னிக்கறதுக்கு முறை இருக்கு. ஞாயித்துக்கெழம ஆராதனையில எழுந்து நின்னு தவறிட்டேன்னு சொல்லு. அன்னிக்கே உன் கட்டில் உனக்கு. அதுக்கப்புறம் ஒருத்தரும் பேச மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

ஞாயிறுவரை பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன். ஐயர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. யோசிக்க நேரம் தாராளமாக இருந்தது. மறுத்தால் திருப்பதியில் எங்கே தங்குவது? அறை தேடிய தெருக்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இப்போது போனால் அந்த வீடுகளில் ஒன்றாவது கதவைத் திறக்கும். மொட்டைத் தலை அதற்குப் போதும். ஆனால் அங்கேயும் மலைக்குப் போனதாகத்தான் சொல்ல வேண்டும், முடி வளர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே ஒருமுறை சொன்னால் போதும். அவ்வளவுதான் கணக்கு. விசுவாசத்தைப் பற்றி நான் அப்போது யோசித்ததாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் ஐயர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். நான் சொல்ல வேண்டிய வாசகத்தை அவரே சொல்லிக் கொடுத்திருந்தார்: "நான் வழி தவறினேன், கர்த்தரும் சபையாரும் மன்னிக்க வேண்டும்." அதில் மலை இல்லை. எனக்காக அவர் விட்டுவைத்த சந்து அது. சொல்லிவிட்டு உட்காரப் போனேன்.

"எங்க தவறினன்னு சொல்லு தம்பி" என்றார் குமாஸ்தா மூப்பர், முன்வரிசையிலிருந்து. அதட்டலில்லை, சாட்சிக்கு எடுத்துக் கொடுப்பது போலத்தான்.

ஐயர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பெண்கள் பக்கத்தில் விசிறிகள் நின்றன.

"திருப்பதி மலைக்குப் போய் முடி காணிக்கை கொடுத்தேன்" என்றேன்.

ஒரு பெருமூச்சு எழுந்தது. பிறகு ஜெபம், பிறகு மறுபடியும் பாட்டு. பலமாகப் பாடினார்கள்.

வாசலில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனை மாதங்களாக அந்தச் சபைக்கு வந்து போனவன் நான். அன்றுதான் என்னைக் கண்டார்கள். ஒரு அம்மாள், "எம் மவனாட்டம் இருக்கற. ஏன் சாமி இப்படிப் போன? வா, ஊட்டுக்கு வந்து துன்னுட்டுப் போ" என்றார். மாந்தோப்பு மூப்பர் என் மண்டையைத் தட்டி, "மலேயாக்காரன் தலை நல்ல வழவழப்பு" என்றார். அந்த அம்மாள் வீட்டில்தான் சாப்பிட்டேன். கோழிக் குழம்பு. அக்கம்பக்கத்தார் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"படி எத்தினி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"சாமி ரொம்ப உசரமாமே?"

"மேல குளுராமே? எங்க பக்கத்து ஊட்டு ரெட்டியம்மா சொல்லிக்கினே இருப்பாங்க" என்றாள் ஒரு பெண்.

"நீ இன்னாடி, போயி பாக்கலாம்னு இருக்கறியா?" என்று அம்மாள் அவளை அதட்டிவிட்டு, என் இலையில் இன்னொரு துண்டு வைத்து, குரலைத் தாழ்த்தி, "வட பெருசா இருக்குமா?" என்றார்.

மலைக்கு ஒரு பஸ் தூரத்தில் பிறந்து, அந்த மலையை ஜன்னல் சாத்தி வைத்தே கிழவர்களானவர்கள். நான் ரயிலில் கேட்டதை எல்லாம் சொன்னேன். படிகளையும் குளிரையும் சொன்னேன். வடையின் அளவைக் கையால் காட்டினேன். நான் ஏறாத மலை. விவரங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்படி யாரும் என் வார்த்தையைக் கேட்டதில்லை.

பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது குமாஸ்தா மூப்பர் கூட வந்தார். வழியனுப்ப என்று நினைத்தேன். ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வந்ததும் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. எம் பொண்ணுக்குக் கொழந்த தங்கல. மூணும் போயிடுச்சி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளே மேல போவணுமா? இல்ல, முடிய மட்டும் குடுத்தனுப்பினா ஏத்துக்குவாங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் மலைக்குப் போவல. அன்னிக்குச் சொன்னதுதாங்க நெசம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதான் மன்னிச்சாச்சே தம்பி. இன்னும் ஏன் மறைக்கற? எம்மேல கோவமா?"

அந்த மனிதர்மீது கோபம் இல்லாமலில்லை. ஆனால் அவர் பதிலுக்காக நின்ற விதம் பார்க்கச் சகிக்கவில்லை.

"குடுத்தனுப்பலாமாம். மஞ்சத் துணியில முடிஞ்சி" என்றேன்.

"ஆளு போவ வேணாம்?"

"வேணாமாம்."

"கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார்.

ஐயர் வாக்குத் தவறவில்லை. கட்டில் கிடைத்தது. விடுதியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தேர்வும் எழுதினேன். ஆனால் ஐயர் நல்ல மனத்தோடு இன்னொன்றும் செய்திருந்தார்: சபை என்னை ஏற்றுக்கொண்ட செய்தியை நைனாவுக்கு எழுதிவிட்டார்.

நைனாவின் கடிதம் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காயிற்று. சபை முன்னால் எழுந்து நின்று ஒப்புக்கொள்வது எளிய காரியமல்ல என்றும், நான் அதைச் செய்ததில் அவருக்கு ஆறுதல் என்றும், இனி அந்தப் பங்காளிகள் உறவு வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

நான் அன்றே பதில் எழுதினேன். ஜுரம் தொடங்கிய விதம், நாக்கு வெளுத்தது, வயிற்றில் புள்ளிகள், புத்தூர் டாக்டர் பார்த்தது, சொன்னது, எல்லாவற்றையும் ஒரு டிரெஸ்ஸர் படித்துப் புரிந்துகொள்ளும்படி வரிசையாக எழுதினேன். சபையில் சொன்னது பொய், கட்டிலுக்காகச் சொன்னது என்றும் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எழுதியது குறைவு.

அடுத்த கடிதத்தில் நைனா, என் கடிதம் கிடைத்தது என்று தொடங்கி, மழையைப் பற்றி எழுதியிருந்தார். மழை பிடித்துக்கொண்டதால் ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றிருக்கிறது, கூலியாட்களிடையே சிரங்கு பரவுகிறது என்றார். நன்றாகப் படி என்றார். கடைசி வரியில், முடி வளர்ந்திருக்கும், ஒரு படம் எடுத்து அனுப்பு என்று இருந்தது.